தோள் வேண்டா, மின்தூக்கியைத் திறந்துவிடுக

அனுப்புநர்
‘வெண்கலக்குரல்’ என்று மேடைகளில் அறிவிக்கப்படுபவன்,
சொற்பொழிவாளன்,
பாடநூல் அச்சகத்தின் பின்வீடு,
பழைய நீர்த்தொட்டித் தெரு.

பெறுநர்
உயர்திரு தலைமை மேலாளர் அவர்கள்,
பயணியர் நலப் பிரிவு,
நகரத் தொடர்வண்டி நிறுவனம்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கோளரங்க நிலையத்தில் நடைமுறையில் உள்ள ‘தோள் கொடுப்போம்’ திட்டத்தைக் கைவிட்டு அங்குள்ள மின்தூக்கியைத் திறந்துவிடவும், அத்திட்டத்தின் விளம்பரப் பலகைகளிலிருந்து என் தமக்கையாரின் படத்தையும் என் சொற்களையும் நீக்கவும், அடுத்த மாதம் முதல் அதனைப் பிற நிலையங்களுக்கு விரிவாக்காதிருக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: மேற்படி திட்டத்தின் விரிவாக்க விழாவில் சிறப்புரை ஆற்றுமாறு தாங்கள் எனக்கு விடுத்த அழைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. தங்கள் அழைப்பு கிடைத்தது. திட்டத்திற்குப் பெயர் தந்த நாவுக்கு மேடையின் நடுவில் இருக்கை ஒதுக்கப்படும் என்று எழுதியிருந்தீர்கள். மேடை என்று சொல்லி அழைத்தவர் எவரையும் நான் இதுவரை மறுத்ததில்லை. இம்முறை மறுக்கிறேன். நான் வராதிருப்பது மட்டும் போதாது; அந்த விழாவே நடவாதிருக்க வேண்டும் என்று கேட்கவும் இம்மனுவை எழுதுகிறேன். தன்னைப் புகழும் திட்டத்தின்மீது ஒருவன் தானே முறையிடுவது தங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எழுதுகிற எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் இதை வேறு எவரும் எழுத இயலாது. பிழை தொடங்கிய இடம் என் வாய்.

2. பலகையில் தாங்கள் காட்டியிருக்கும் பெண்மணி என் தமக்கையார். எங்கள் தெருவிலுள்ள பாடநூல் அச்சகத்தில், நூல்கள் அச்சேறுமுன் பிழை பார்த்துத் தருபவர். கைக்குழந்தையாய் இருந்தபோது வந்த காய்ச்சலில் அவருடைய கால்கள் இரண்டும் வலுவிழந்தன. நெடுங்காலம் ஊன்றுகோல்களில் நடந்தார். உடலின் எடை முழுவதையும் தாங்கித் தாங்கித் தோள்மூட்டுகள் தேய்ந்தன. மருத்துவர் ஊன்றுகோல்களை விலக்கச் சொன்னபின் சக்கர நாற்காலியில் செல்கிறார். எங்கள் வீட்டில் தோள் என்பது வலிக்குப் பெயர். களிம்பின் மணம் வீசாமல் அவர் அறையில் ஒரு மாலையும் கழிந்ததில்லை. இதனை அறிந்திருந்தும் நான் என்ன முழங்கினேன் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அது தங்கள் பலகையில் ஓராள் உயர எழுத்தில் இருக்கிறது.

3. அவர் நெடுநாளாய் விரும்பியது ஒன்றே ஒன்று. தலைநகரின் கோளரங்கத்தைப் பார்க்க வேண்டும். சிறுவர் அறிவியல் நூலில் அதைப் பற்றிய பாடத்தை ஒவ்வொரு பதிப்பிலும் பிழை திருத்துகிறவர் அவர். அந்தக் குவிமாடத்தையும் அதன் அடியிலுள்ள இருக்கைகளையும் படத்தில்தான் பார்த்திருக்கிறார். விண்மீன்களுக்காகவா போகிறீர்கள் என்று ஒரு நாள் நான் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை அவர் சொன்னவாறே எழுதுகிறேன்: “மீனெல்லாம் மொட்டைமாடியிலயே தெரியுது. அங்க எல்லாச் சீட்டும் சாஞ்சிருக்குமாம்டா. யாரா இருந்தாலும் மல்லாந்துதான் பார்க்கணும். அந்த ஒரு ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் என்னைக் குனிஞ்சு பார்க்க மாட்டாங்க.”

4. எங்கள் வருவாய் சிறிது. அச்சகத்தின் கூலி அளவானது. சொற்பொழிவாளனின் கூலி பெரும்பாலும் கைதட்டலாகவே கிடைப்பது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாடகைச் சிற்றுந்துகளும் தனி வசதியுள்ள விடுதிகளும் எங்கள் கைக்கு எட்டாதவை. ஆகவே தங்கள் தொடர்வண்டியை நம்பியும், தலைநகரில் வேறொரு நிலையத்தருகே உள்ள எளிய தங்குமனை ஒன்றை நம்பியும் பயணத்தை வகுத்தோம். வகுத்தோம் என்று எழுதியது பிழை. வகுத்தவர் அவர். நான் பெட்டியை எடுத்து வைத்தேன்.

5. அவர் வகுத்த முறையைத் தாங்கள் அறிய வேண்டும். அறிந்தால்தான் நான் கெடுத்தது எது என்பது விளங்கும். தங்குமனைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, குளியலறைக் கதவின் அகலம் என்ன என்று கேட்டார். இரண்டு முழம் இருக்கும் என்றார் அவர். யார் கைக்கு இரண்டு முழம் என்று தமக்கையார் கேட்கவே, மனிதர் சிரித்துவிட்டு நாடாவை எடுத்துப் போய் அளந்து சொன்னார். வாசலில் படி உண்டா என்று அடுத்த கேள்வி. படியே இல்லை என்றவர், சற்றுப் பொறுத்து, ஒன்றே ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் படியென்றே சொல்ல முடியாது என்றார். “சொல்ல முடியாத அந்தப் படியிலதாங்க நான் எப்பவும் நின்னுபோறது” என்றார் தமக்கையார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் படியின்மேல் ஒரு பலகை சாய்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. தமக்கையார் இறைஞ்சவில்லை, அந்த மனிதரும் பெருமை பேசவில்லை. கேள்வியும் மறுமொழியுமாய் ஒரு வழி பிறந்தது. என் வாணாள் முழுவதும் நான் மேடையில் பிறப்பித்த வழிகளைவிட அது உறுதியானது. அதன்மேல் சக்கரம் ஏறிற்று.

6. உணவுக்கு ரொட்டியும் பழமும் கட்டிக்கொண்டோம். அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் வந்து நிறையுமுன் கோளரங்கத்தை அடைவதாக ஏற்பாடு. வெளியூர் செல்லும் நாளில் தமக்கையார் தண்ணீரை உதடு நனையும் அளவுக்கே பருகுவார். அது ஏன் என்பதை என் நாற்பது வயது வரை நான் கேட்டறிந்ததில்லை. அவருக்குத் தொலைவு என்பது ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ளதன்று. அகன்ற கதவுடைய ஒரு கழிப்பறைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ளது. தங்கள் வரைபடத்தில் கோளரங்க நிலையத்தின் மேல்தளத்தில் அத்தகைய கழிப்பறை ஒன்றும், நடைமேடையிலிருந்து அங்குச் செல்ல மின்தூக்கியும் குறிக்கப்பட்டிருந்தன. வரைபடத்தை மட்டும் நம்பாமல் தங்கள் விசாரணை எண்ணையும் அழைத்தார். மின்தூக்கி நன்றாக ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அங்கிருந்தவர் உறுதி கூறினார்.

7. அதன்மேலும் ஒரு மாற்றுவழியை அவர் கையில் வைத்திருந்தார். மின்தூக்கி இயங்காவிடில் அடுத்த வண்டியில் ஏறிவிடலாம். அதே தடத்தில் அடுத்து வரும் பூங்கா நிலையத்திற்குச் செல்லலாம். அங்கும் மின்தூக்கி உண்டு, கழிப்பறை உண்டு. பூங்காவின் ஊடே படியில்லாத பாதை கோளரங்கத்தின் பின்வாயிலுக்கு வருகிறது. சுற்றுவழிதான், ஆயினும் சமதளம். இதை முதல்நாள் மாலை தங்குமனையில் எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். அடுத்த வாரக் கூட்டத்திற்கான முன்னுரை என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

8. மறுநாள் காலை தங்கள் வண்டியில் ஏறினோம். வண்டியின் தளமும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருந்தன. எவர் துணையுமின்றித் தாமே சக்கரத்தை உருட்டி உள்ளே சென்ற தமக்கையார், பெட்டியின் நடுவில் நாற்காலியை ஒரு முறை முழுவதுமாய்ச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். எதிரே அமர்ந்திருந்த ஒருவர் புன்னகைக்க, “இடம் இருக்குல்ல, அதான்” என்றார். தங்கள் நிறுவனம் நன்றாகச் செய்ததை எழுதாமல் விடுவது முறையன்று என்பதால் இதனைக் குறிப்பிடுகிறேன்.

9. கோளரங்க நிலையத்தில் இறங்கினோம். மின்தூக்கியின் கதவில் சங்கிலியும் பூட்டும் தொங்கின. காவல் பணியாளரை அழைத்துக் கேட்டோம். “லிஃப்ட் நல்லாத்தாங்க இருக்கு. ஆளாளுக்கு ஏறிடறாங்கன்னு பூட்டி வச்சிருக்கோம்” என்றார் அவர். சாவி பொறுப்பு அலுவலரிடம் இருப்பதாகவும், அவர் தலைமை அலுவலகக் கூட்டத்திற்குச் சென்றிருப்பதாகவும் சொன்னார். அடுத்த நிலையத்தில் பூட்டு இல்லை என்பதையும் அவரே சொன்னார். தமக்கையார் சினக்கவில்லை. ஏற்கெனவே நாற்காலியைத் திருப்பிவிட்டிருந்தார். “அடுத்த வண்டி வருது, வா தம்பி. பூங்கா ஸ்டேஷன் போயிடலாம்” என்றார்.

10. ஐயா, இவ்விடத்தில் இம்மனு தங்கள் நிறுவனத்தின் மீதான முறையீடாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. பூட்டு தங்களுடையது. அடுத்து நடந்தது என்னுடையது. தமக்கையார் சொன்னது என் செவியில் விழுந்தது. விழவில்லை என்று எழுத ஒரு கணம் எண்ணினேன், பொய்யாகும். அவ்வேளையில் எங்களோடு இறங்கிய பயணியர் மாடிப்படியின் அடியில் திரண்டு, சங்கிலியையும் சக்கர நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தனர். நான் கூட்டத்தைக் கண்டேன். இரண்டு படி ஏறி நின்றேன். தரையிலிருந்து இரண்டு படி உயர்ந்து, எதிரே முகங்கள் இருக்குமானால், என் தொண்டை என்னைக் கேளாமல் திறந்துகொள்ளும். பொறுப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தமக்கையாரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கலாம், காத்திருக்கவில்லை.

11. நான் பேசியதை, அங்கிருந்தோர் எடுத்த காணொளியில் தாங்கள் கேட்டிருப்பீர்கள். கோப்பில் இருக்க வேண்டும் என்பதற்காக இங்கும் எழுதுகிறேன்: “பெரியோர்களே! பூட்டிய இரும்பு இவரைத் தடுக்குமா? அடுக்கிய கல் இவரைத் தடுக்குமா? இங்கே நிற்கும் நாம் என்ன மரமா? சாவி இல்லையா, போகட்டும்! தோள் இருக்கிறது! தோள் கொடுப்போம்! இந்தத் தாயை நம் தோளில் ஏற்றி, விண்மீன்களின் வாயிலில் இறக்குவோம்!” பேச்சாகப் பார்த்தால் ஓசை குறையவில்லை, ஒழுங்கு குறையவில்லை. அதில் இல்லாதது ஒன்றுதான். அவரை ஒரு சொல் கேட்கவில்லை. என் உடன்பிறந்தவரை, மூன்று சொல்லில் விடை சொல்லக்கூடியவரை, கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, அங்கிருந்த அத்தனை பேரையும் கேட்டேன். அவரை மட்டும் கேட்கவில்லை.

12. நால்வர் முன்வந்தனர். அவர்கள் நல்லவர்கள். ஒருவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்ட பிறகே நாற்காலியைத் தொட்டார். அவர்கள்மேல் எனக்கோ தமக்கையாருக்கோ குறையில்லை. தமக்கையார் சொன்னார்: “வேண்டாங்க. இறக்கி வைங்க. நான் அடுத்த ஸ்டேஷன் போறேன்.” அவருடையது அச்சகத்தின் இரைச்சலில் கூட உயராத குரல். கைதட்டல் அதை மூடிற்று. சக்கர நாற்காலியின் கைப்பிடிகள் கழன்று வரக்கூடியவை. பழகாதவர்கள் அதை அறிவதில்லை. பாதிப் படியில் ஒரு கைப்பிடி கழன்றது. நாற்காலி சாய்ந்தது. மடியிலிருந்த பை உருண்டது. ஆடை ஒதுங்கியதைச் சரிசெய்ய அவருக்குக் கை இல்லை; தேய்ந்த தோளோடு இரு கைகளாலும் சட்டத்தைப் பற்றியிருந்தார். சுற்றிலும் கைப்பேசிகள் உயர்ந்திருந்தன. நான் அவர்களுக்கு முன்னே, பின்னோக்கி ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே பேசினேன். அவர் முகம் எனக்கு எதிரே இருந்தது. எனக்கு மட்டுமே நேர் எதிரே இருந்தது.

13. மேல்தளத்தில் இறக்கினார்கள். கழிப்பறை கண்ணெதிரே இருந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. இந்த ஒரு வரியை எழுத அவரிடம் இசைவு பெற்றேன். இதற்குமேல் எழுத இசைவு இல்லை. நான் கேட்கவும் இல்லை.

14. அன்று கோளரங்கத்தைப் பார்க்கவில்லை. அதன் வாயில் சாலையின் மறுபுறம் தெரிந்தது. பூங்கா நிலையம்வரை நாற்காலியை உருட்டிச் சென்று வண்டியேறித் தங்குமனைக்குத் திரும்பினோம், தங்குமனைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். ஊர் திரும்பும் வழியெங்கும் நான் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் ஒரு சொற்பொழிவாகவே இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். “நீ பேசின பேச்சுல நான் எங்கடா இருந்தேன்?” என்று கேட்டார்.

15. இத்தோடு நான் அடங்கியிருந்தால் தங்களுக்கு இந்த மனு வந்திராது. காணொளி பரவிற்று. முன்பின் அறியாதவரெல்லாம் அழைத்துப் பாராட்டினர். எளியோரின் இடிமுழக்கம் என்று ஒருவர் எழுதினார். தங்களிடம் மறைத்துப் பயனில்லை: நான் மகிழ்ந்தேன். அடுத்த அறையில் தமக்கையார் தோளுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருக்க, இந்த அறையில் நான் அக்காணொளியைக் குரலைத் தணித்து வைத்துப் பலமுறை பார்த்தேன். அந்நாள்களில் ஒன்றில்தான் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். என் சொற்களையும் அந்தக் காட்சியின் படத்தையும் ஒரு மக்கள் நலத் திட்டத்திற்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று பணிவோடு வினவினார். நான் “தாராளமாக” என்றேன். அறைகளுக்கு இடையே கதவு திறந்துதான் இருந்தது. தலையைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

16. பலகையைப் பற்றி அவருக்குச் சொன்னவர், அச்சகத்தில் நூல்களைத் தைத்துக் கட்டும் பெண்மணி. உறவினர் வீட்டிற்குச் சென்றவர் தங்கள் நிலையத்தில் அதைக் கண்டுவிட்டு வந்து, “அக்கா, உங்க படம் வாசல்ல எவ்வளவு பெருசா வச்சிருக்காங்க தெரியுமா? ஆனா ஏன்க்கா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டாராம். தமக்கையார் பிழை பார்த்துக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்று முன்னதாகவே வீடு திரும்பினார். அந்தப் படத்தின் கீழே ‘கவலையின்றிக் கண்ணயர்ந்து’ என்று தங்கள் அலுவலகம் எழுதியிருப்பதைப் பின்னர் நானே சென்று பார்த்தேன். ஐயா, அவர் கண்ணயரவில்லை. தம்மைப் பார்க்கிறவர்களைத் தாம் பார்க்காதிருக்க அவரிடம் அன்று எஞ்சியிருந்த வழி அது ஒன்றே.

17. பலகையைப் பார்க்கச் சென்ற அன்றுதான் திட்டத்தின் நடைமுறையையும் பார்த்தேன். மின்தூக்கியின் சங்கிலி அப்படியே இருந்தது. அதன் மின்விளக்கையும் அணைத்திருந்தார்கள். நிலையத்தைத் துப்புரவு செய்யும் நால்வருக்குப் பச்சை மேலங்கி தந்து, நடக்க இயலாத பயணி வரும்போதெல்லாம் துடைப்பத்தை வைத்துவிட்டுத் தூக்க வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். தூக்கும் முறையை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை.

18. அங்கே என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒருவர் அழைத்தார். அருகிலுள்ள அலுவலகத்தில் கணக்குத் தணிக்கை செய்பவர். அவரும் சக்கர நாற்காலியில் வருபவர். முன்பெல்லாம் பொறுப்பு அலுவலரைத் தொலைபேசியில் கேட்டு மின்தூக்கியைத் திறக்கச் செய்துவிடுவாராம். திட்டம் வந்தபின் சாவி தர இயலாது என்று சொல்லிவிட்டார்களாம். அவர் என்னிடம் கூறியது: “நல்லாத்தாண்ணே பேசுனீங்க, நானே கைதட்டுனேன். இப்ப தினமும் காலையில என்னைத் தூக்குறாங்க. தூக்குறவருக்கு முதுகுவலி. வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டே நான் மேல போறேன். ஒரு நாள் நாலு பேர்ல ஒருத்தர் வரலைன்னா கீழேயே உட்கார்ந்திருப்பேன். முன்னாடி ஒரு சாவி வேணும். இப்ப நாலு ஆம்பளைங்க வேணும். இதுக்கு உங்க பேச்சுலேருந்து ஒரு வரி வேற எழுதி வச்சிருக்காங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சினந்து திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பேசிக்கொண்டிருந்த இடம் என் சொற்களின் நேர் கீழே. நான் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

19. மின்தூக்கி எப்போது திறக்கும் என்று பொறுப்பு அலுவலரைக் கேட்டேன். அவர் என்னை நாற்காலியில் அமர்த்தி, தேநீர் வரவழைத்து, நான் மகிழ்வேன் என்று எண்ணியே விடை கூறினார்: தோள் கொடுக்கும் திட்டம் சிறப்பாக நடப்பதால் மின்தூக்கிக்குத் தேவை இல்லையென மேலிடம் முடிவு செய்துவிட்டதாம், அடுத்த மாத முதல்நாள் பூங்கா நிலையம் உள்ளிட்ட மற்ற நிலையங்களிலும் மின்தூக்கிகளைப் பூட்டிவிட்டு இதே முறையைக் கொண்டுவருவார்களாம். அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை.

20. இதனால் இழப்பது யார் என்பதைத் தெளிவாக எழுதுகிறேன். தமக்கையார் கோளரங்கப் பயணத்தை மீண்டும் வகுத்துவிட்டார். பலகை உள்ள வாயில் வழியே அவர் செல்லமாட்டார். பூங்கா நிலையத்தில் இறங்கி, மின்தூக்கியில் ஏறி, பூங்காப் பாதை வழியே பின்வாயிலுக்குச் செல்வார். நூல்களைத் தைக்கும் பெண்மணி துணைக்கு வருகிறார். அச்சகத்தில் பாடநூல் வேலை முடிந்து விடுப்புக் கிடைப்பது அடுத்த மாதத்தில்தான். அதற்குள் பூங்கா நிலையத்தின் மின்தூக்கியும் பூட்டப்பட்டால் அவருக்கு வேறு வழி இல்லை. அந்தச் செய்தியை நான் தேநீர்க் கோப்பையோடு விட்டுவிட்டு வரவில்லை. வீட்டிற்கு வந்து அவரிடம் சொன்னேன். இதுவரை அவர் என்னிடம் எதுவும் கேட்டவரல்லர். அன்று கேட்டார்: “உன் பேச்சாலதான பூட்டப்போறாங்க. எழுதியாவது நிறுத்துடா. கூட்டம் கூட்டாத. எழுது.” ஆகவே எழுதுகிறேன்.

21. எழுதியதை அவரிடமே காட்டினேன். முதற்படியில் தங்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் நிறைய இருந்தன. ‘இரும்பு நெஞ்சம்’, ‘கல்லான அதிகாரம்’ என்றெல்லாம் எழுதியிருந்தேன். அவற்றை அடித்துவிட்டு, ஓரத்தில் ‘இவருக்கு உன்னைத் தெரியாது, திட்டினால் பூட்டு திறக்காது’ என்று குறித்துத் தந்தார். நீக்கிவிட்டேன். என்னைப் பற்றிய கடுஞ்சொற்களையும் சில இடங்களில் அடித்திருந்தார். அவற்றை நான் நீக்கவில்லை.

22. மேற்கண்டவற்றின் அடிப்படையில் தங்களிடம் நான் வேண்டுவன:

அ) என் தமக்கையாரின் படத்தைப் பயன்படுத்த நான் தொலைபேசியில் அளித்த இசைவு செல்லாது. அது என் உடைமையன்று. கொடுக்க எனக்கு உரிமை இருந்ததில்லை. எல்லாப் பலகைகளிலிருந்தும் துண்டறிக்கைகளிலிருந்தும் அப்படத்தை உடனே நீக்க ஆணையிடுக.

ஆ) என் சொற்களுக்கு நான் அளித்த இசைவு எனக்குரியதே. அதனைத் திரும்பப் பெறுகிறேன். ‘தோள் கொடுப்போம்’ என்ற தொடரைத் தங்கள் நிறுவனம் எவ்விடத்தும் பயன்படுத்தாதிருக்க வேண்டுகிறேன்.

இ) கோளரங்க நிலைய மின்தூக்கியின் சங்கிலியை அகற்றுக. தேவையற்றவரும் ஏறிவிடுவார்கள் என்பதே தடையானால், ஏறட்டும். களைத்தவர் ஒருவர் அதில் ஏறிப் போவதால் தமக்கையார் போன்றோர்க்கு எக்கேடும் இல்லை. பூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாவி எப்போதும் நடைமேடையிலேயே பணியில் உள்ள ஒருவர் கையில் இருக்கச் செய்க.

ஈ) துப்புரவுப் பணியாளர்களைச் சுமக்கும் வேலையிலிருந்து விடுவிக்க. முதுகு வருந்துபவருக்கு மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்க.

உ) பூங்கா நிலையம் முதலிய பிற நிலையங்களில் இன்று இயங்கும் மின்தூக்கி ஒன்றையும் இத்திட்டத்தின் பெயரால் பூட்டாதிருக்க.

ஊ) விரிவாக்க விழாவைக் கைவிடுக. கைவிட இயலாவிடின் சிறப்புரையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்குக.

23. இந்த வேண்டுகோள் ஏற்கப்படாவிடில் நான் வழக்கமாகச் செய்வது எதுவென்று தங்கள் அலுவலகத்திற்குத் தெரியும். நிலையத்தின் முன் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்றால் கூட்டம் சேரும், கைதட்டும், இன்னொரு காணொளி பரவும். அதனைச் செய்யமாட்டேன் என்று தமக்கையாருக்குச் சொல்லியிருக்கிறேன். தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இம்மனுவின் பின்னால் மிரட்டல் ஏதுமில்லை. இதற்கு மறுமொழி வராவிடில் இன்னொரு மனு எழுதுவேன். அதற்கும் வராவிடில் தங்கள் அலுவலக வாயிலில் வரிசையில் நின்று, என் முறை வரும்போது, இயன்றவரை தாழ்ந்த குரலில் கேட்பேன்.

24. அடுத்த மாதம் ஒரு நாள், அலுவலகக் கூட்டம் வடிந்த வேளையில், பூங்கா நிலைய நடைமேடையில் இரு பெண்கள் வந்து இறங்குவர். ஒருவர் நாற்காலியில் இருப்பார். என்னை உடன் அழைத்துச் செல்லும் எண்ணம் அவருக்கு இல்லை; அது முறையே. அவர் பொத்தானை அழுத்தும்போது கதவு திறக்க வேண்டும். அவ்வளவே வேண்டுகிறேன். அவரை வரவேற்க எவரும் வர வேண்டா, எவரும் கைதட்ட வேண்டா. அன்று அவர் அங்கு வந்துபோனதை ஒருவரும் கவனிக்காதிருக்குமாறு தாங்கள் செய்துவிட்டால், தங்கள் நகரில் எனக்குக் கிடைத்த அத்தனை பாராட்டையும் தங்கள் காலடியில் வைத்துவிட ஆயத்தமாயிருக்கிறேன்.

தங்கள் விரைந்த ஆணையை எதிர்நோக்கித் தலைகுனிந்து நிற்கும்,

(கையொப்பம்)
‘வெண்கலக்குரல்’

இடம்: பழைய நீர்த்தொட்டித் தெரு
நாள்: இம்மாதம் பதினெட்டு

மனுவைப் படித்தேன். என் படத்தை வைக்க என்னை எவரும் கேட்கவில்லை. நான் இசையவில்லை.

(கையொப்பம்)
பிழை திருத்துநர், பாடநூல் அச்சகம்